சஸ்பென்ஸ் நாவல் காதில் எப்படி வேலை செய்கிறது?

ஒலிப்புத்தகங்களைப் பற்றிப் பேச்செழும்போது இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடுகின்றன. கேட்பது படிப்பதாகாது என்பார் ஒருவர். சஸ்பென்ஸ் நாவலைக் கேட்டால்தான் சுவை, பின்னணி இசையும் காலடிச் சத்தமும் சேர்ந்து நடுங்க வைத்துவிடும் என்பார் மற்றவர். முதல் கருத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவது, கேட்டுப் பார்க்காமலே சொல்லப்படுவது. பெரும்பாலான ஒலிப்புத்தகங்களில் இசையும் கிடையாது, காலடிச் சத்தமும் கிடையாது. ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்திருப்பார், அவ்வளவுதான். அப்படியிருந்தும், இரவில் கேட்டுக்கொண்டே படுத்தவர் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். அந்தப் பதற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

## ஒலிப்புத்தகம் எது, எது அன்று

எழுதி வெளியான ஒரு நூலின் வாசகம் முழுவதையும் குரலில் பதிவு செய்த வடிவமே ஒலிப்புத்தகம். நடிகர்கள் பலர் பாத்திரங்களை ஏற்று, கதவு சாத்தும் ஓசை முதல் மழைச் சத்தம் வரை சேர்த்து நிகழ்த்துவது வானொலி நாடகம். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலி 1942 முதல் 1962 வரை ஒலிபரப்பிய ‘சஸ்பென்ஸ்’ என்னும் தொடர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற செயலிகளில் தமிழில் வரும் பல தொடர்கதைகள் மூன்றாவது வகை. அவை காதுக்கென்றே எழுதப்பட்டவை, அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும். மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஒலிப்புத்தகத்தைப் பற்றிய பேச்சில் பாதி குழம்பிப்போகிறது. இங்கே நாம் பேசப்போவது முதல் வகையை மட்டும்.

இந்த வடிவம் நேற்றுத் தோன்றியதன்று. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றவர்களுக்காகப் பேசும் நூல்களையும் அதில் சேர்த்திருந்தார். பிரிட்டனில் முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களை மனத்தில் கொண்டு, 1935 நவம்பரில் பேசும் புத்தகச் சேவை தொடங்கியது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடப் பேச்சு அடங்கியது. அச்சேவையின் முதல் வெளியீடுகளுள் ஜோசப் கான்ராடின் கடற்புயல் கதையோடு அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலும் இருந்தது. குற்றக் கதைக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் உள்ள உறவு, ஒலிப்புத்தகத்தின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். அந்த நாவல் காதுக்கு ஏற்றதுதானா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னால் பார்ப்போம்.

## அதிர்ச்சி வேறு, சஸ்பென்ஸ் வேறு

கதை விறுவிறுப்பாக இருந்தால் மர்மம், த்ரில்லர், சஸ்பென்ஸ் என்ற மூன்று சொற்களையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பின்வரும் விளக்கத்துக்கு இவற்றைப் பிரித்துக்கொள்வது அவசியம்.

மர்மக் கதையில் குற்றம் முன்பே நடந்து முடிந்திருக்கும். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்ற கேள்வியோடு கதை பின்னோக்கித் துருவும். த்ரில்லரில் ஆபத்து முன்னால் இருக்கும். குண்டு வெடிக்குமா, கடத்தப்பட்ட குழந்தை கிடைக்குமா, நாயகி தப்புவாளா என்று கதை முன்னோக்கி ஓடும். இவ்விரண்டும் கதை வகைகள். சஸ்பென்ஸ் என்பது கதை வகையன்று. அது ஓர் உத்தி, அந்த உத்தி நமக்குள் எழுப்பும் நிலை. ஏதோ நடக்கப்போகிறது என்பது நமக்குத் தெரியும். எப்போது, எப்படி என்பது தெரியாது. அது நடக்கும் கணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் சஸ்பென்ஸ்.

இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதற்குத் தந்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. இருவர் மேசையருகே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது. பார்வையாளருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்பே பார்வையாளருக்குக் காட்டிவிட்டு, வெடிக்கும் நேரத்தையும் சொல்லிவிட்டு, அந்த இருவரையும் அதே அசட்டுப் பேச்சைப் பேசவிட்டால் பதினைந்து நிமிடப் பதற்றம் கிடைக்கிறது. பேச்சு மாறவில்லை, குண்டும் மாறவில்லை. பார்வையாளருக்கு என்ன தெரியும் என்பதும், அதை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுமே மாறின.

சுருங்கச் சொன்னால், சஸ்பென்ஸின் மூலப்பொருள் இரண்டு: தகவல், நேரம். தகவலை எழுத்தாளர் தருகிறார். நேரத்தை யார் தருகிறார் என்பதில்தான் அச்சுக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு தொடங்குகிறது.

## கண் களவாடும், காது காத்திருக்கும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் பாயசம் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பரிமாறுகிறவர் தீர்மானிக்கிறார். சாம்பாருக்குப் பிறகு ரசம், அதற்குப் பிறகு என்று வரிசையும் அவர் கையில், வேகமும் அவர் கையில். வீட்டில் தனியாகச் சாப்பிடும்போது அப்படியன்று. பாத்திரங்களைத் திறந்து பார்க்கலாம், கடைசியாக உண்ண வேண்டியதை முதலிலேயே ஒரு கரண்டி ருசிக்கலாம். அச்சு நாவலைப் படிப்பவர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். ஒலிப்புத்தகம் கேட்பவர் பந்தியில் இருக்கிறார்.

படிக்கும்போது கண் வரியின் மீது சீராக ஓடுவதாக நமக்குத் தோன்றினாலும் உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நிற்கிறது, பிறகு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஆங்கில வாசகர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், இந்தத் தாவல்களுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பின்னோக்கியவை என்று தெரியவந்துள்ளது. அதாவது தேர்ந்த வாசகரும் அடிக்கடி திரும்பிப் போய்ப் பார்க்கிறார். அதோடு, நிற்கும் இடத்துக்கு அப்பால் உள்ள சில எழுத்துகளும் மங்கலாகக் கண்ணில் படுகின்றன. பத்தி எங்கே முடிகிறது, பக்கத்தின் அடியில் ஒற்றைச் சொல் வரி ஏதேனும் தனித்து நிற்கிறதா, அத்தியாயம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் படிக்காமலே தெரிந்துவிடும்.

பதற்றம் மிகும் இடத்தில் இந்தத் திருட்டுத்தனம் கூடுகிறது. கொலைகாரன் மாடிப்படி ஏறுகிற பத்தியை எத்தனை பேர் ஒழுங்காகப் படிக்கிறோம்? கண் மூன்று வரி கீழே குதித்து, நாயகி உயிரோடு இருக்கிறாள் என்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு மேலே வந்து நிதானமாகப் படிக்கிறது. எழுத்தாளர் ஒரு முழுப் பக்கத்துக்குக் கட்டிய தாமதத்தை அரை விநாடியில் உடைத்துவிடுகிறோம்.

காதுக்கு இந்த வசதி இல்லை. ஒலி நேரத்தின் வழியாக மட்டுமே வருகிறது. அடுத்த சொல் ஒலிக்கும் வரை அது எங்குமே இல்லை. செயலியில் முப்பது விநாடி முன்னே தாவும் பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதை அழுத்துவது தெரிந்தே செய்யும் செயல். கண்ணோ நம்மைக் கேட்காமலே தாவுகிறது. மேலும் தாவி விழும் இடம் எதுவென்று தெரியாததால், முடிவை அறிவதற்குப் பதில் குழப்பமே மிஞ்சும். மாடிப்படிக் காட்சி எழுத்தில் பன்னிரண்டு படிகள் என்றால், கேட்பவர் பன்னிரண்டு படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும்.

## தமிழ் வாக்கியம் தரும் கூடுதல் தாமதம்

இதில் தமிழுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்பதை அந்த முற்றின் விகுதிதான் சொல்கிறது. எழுவாயைச் சொல்லாமலே நீண்ட வாக்கியத்தை எழுதிவிடவும் முடியும்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “இருட்டில் சுவரோரமாக மெல்ல நகர்ந்து, சன்னலருகே சற்று நின்று, உள்ளே விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொண்டு, பின்கட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்தாள்.” கடைசிச் சொல் வரும்வரை அது யாராகவும் இருக்கலாம். நாம் இதுவரை சந்தேகப்பட்டவர் ஓர் ஆண் என்றால், ‘ஆள்’ என்ற விகுதி விழும் கணத்தில் கதையே திரும்பிவிடுகிறது. சாவி போட்டுத் திறந்தாள் என்பதால், வந்தவள் வீட்டுக்குப் பழகியவள் என்பதும் சேர்ந்தே விழுகிறது. ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தை எழுத வேண்டுமானால், கதவைத் திறந்ததைச் சொல்வதற்கு முன்பே ஆண்பால், பெண்பால் சுட்டுப்பெயரையோ ‘உருவம்’ போன்ற மழுப்பலான சொல்லையோ வைத்தாக வேண்டும்.

அச்சில் இந்த உத்தி அரைகுறையாகவே பலிக்கிறது. வாக்கிய முடிவு அடுத்த வரியிலேயே இருப்பதால் கண் அதைப் பொறுக்கிவிடும். ஒலியில் அந்த வாக்கியம் முடிய ஏறத்தாழப் பத்து விநாடி ஆகிறது. பத்து விநாடியும் கேட்பவருக்கு ஆள் தெரியாது. நல்ல வாசிப்பாளர் ‘திறந்தாள்’ என்பதற்கு முன்னால் ஒரு மூச்சளவு நிறுத்துவார். மோசமானவர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே குரலைப் பெண் சாயலுக்கு மாற்றிக் கொலையாளியைக் காட்டிக் கொடுத்துவிடுவார்.

## காது எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது

காத்திருப்பதில் காது வல்லது. திரும்பிப் பார்ப்பதில் பலவீனமானது. உளவியலாளர் ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கேட்பவர்களுக்கு ஒரு பகுதியை ஒலிக்கவிட்டு, அதிலிருந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றிக் கொடுத்து, இதைத்தான் கேட்டீர்களா என்று வினவினார். கேட்ட உடனேயே வினவினால் எந்த மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். இடையில் எண்பது அசைகள், அதாவது ஏறத்தாழ அரை நிமிடப் பேச்சு, கடந்துவிட்டால் நிலைமை வேறாயிற்று. பொருள் மாறியிருந்தால் அப்போதும் கண்டுபிடித்தார்கள். சொல்லமைப்பு மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தெரியவில்லை. மனம் கருத்தை வைத்துக்கொண்டு சொற்களை உதறிவிடுகிறது.

இதை நாவலுக்குப் பொருத்திப் பாருங்கள். மர்மக் கதைகளில் துப்புகள் இருவகைப்படும். தோட்டக்காரர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பது நிகழ்ச்சியிலும் தகவலிலும் உள்ள துப்பு. காது அதை வைத்துக்கொள்ளும். சாட்சி சொன்ன வாக்கியத்தில் ‘பார்த்தேன்’ என்று சொல்லாமல் ‘பார்த்த மாதிரி இருந்தது’ என்று சொன்னார் என்பது சொல்லமைப்பில் உள்ள துப்பு. அச்சில் படிப்பவர் இருநூறாம் பக்கத்தில் ஐயம் கொண்டு நாற்பதாம் பக்கத்துக்குத் திரும்பி அந்த வரியைப் பிடித்துவிடலாம். கேட்பவருக்கு அந்த வரி எப்போதோ கரைந்துபோயிருக்கும். தேடிப் போனாலும் பல மணி நேர ஒலியில் அது எந்த நிமிடத்தில் இருந்தது என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

அதனால்தான் ரோஜர் அக்ராய்ட் நாவலைப் பற்றிய கேள்வியை ஒத்திவைத்தேன். கதையைக் கெடுக்காமல் சொல்வதென்றால், அதன் முடிச்சு அவிழ்ந்ததும் முந்தைய சில பத்திகளின் வாசகத்தை அப்படியே திரும்பப் படித்துப் பார்க்கத் தோன்றும். அந்த நாவலின் மகிழ்ச்சியில் ஒரு பங்கு அப்படித் திரும்பிப் படிப்பதில் இருக்கிறது. அந்தப் பங்கு 1935இல் இசைத்தட்டின் முன் அமர்ந்து கேட்டவருக்கு எளிதில் கிடைத்திருக்காது. அதே நேரத்தில், ஊசியைத் தூக்கி எங்கோ வைத்து முடிவைத் திருடும் ஆசையும் அவருக்கு எளிதில் எழுந்திருக்காது.

இன்னொரு பலவீனமும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாடப்பகுதிகளைத் தாமே உரக்கப் படித்தவர்கள், மௌனமாகப் படித்தவர்கள், பிறர் வாசிக்கக் கேட்டவர்கள் என மூன்று நிலைகளை ஒப்பிட்டார்கள். கேட்கும்போதுதான் மனம் மிகுதியாக அலைந்தது. கண் நின்றுவிட்டால் புத்தகமும் நின்றுவிடும். மனம் எங்கோ போனாலும் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கேட்பது படிப்பதாகாது என்ற கருத்தில் உள்ள உண்மை இந்த அளவுக்குத்தான். மூளை கதையைப் புரிந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தவரை அந்தக் கருத்து நிற்பதில்லை. ஒரே கதைகளைச் சிலர் கேட்டும் படித்தும் இருக்கும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்த கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள், பொருளைக் கையாளும் பகுதிகள் இரண்டிலும் மிகவும் ஒத்த முறையில் இயங்கியதாக 2019இல் வெளியிட்டார்கள்.

இதுவரை பார்த்ததிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. த்ரில்லர் முன்னோக்கி ஓடுகிறது, காதும் முன்னோக்கியே செல்கிறது; இரண்டும் பொருந்துகின்றன. புதிர்த்தன்மை மிகுந்த மர்மக் கதை பின்னோக்கித் தேடச் சொல்கிறது. காதுக்கு அது கடினம்.

## வாசிப்பாளருக்குக் கொலையாளி யார் என்று தெரியும்

குரலைப் பற்றிப் பேசும்போது ‘நன்றாக நடித்திருக்கிறார்’, ‘குரல் இனிமை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சஸ்பென்ஸ் நாவலை வாசிப்பவரின் வேலையில் நடிப்பு சிறு பகுதி. அவர் முழு நாவலையும் முன்பே படித்திருக்கிறார். முடிவு அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு வரியிலும் கசியவிடாமல், ஆனால் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது பொய் சொன்னதாகவும் தோன்றாமல் வாசிக்க வேண்டும்.

இதில் உள்ள சிக்கலை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். முதல் அத்தியாயத்தில் பெயரில்லாத கொலைகாரன் தொலைபேசியில் மிரட்டுகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் அவனே அன்பான பக்கத்து வீட்டுக்காரனாக, பெயரோடு அறிமுகமாகிறான். அச்சில் இரண்டு இடத்திலும் கறுப்பு எழுத்துகளே இருப்பதால் யாருக்கும் ஐயம் வராது. ஒலியில் இரண்டு இடத்துக்கும் குரல் கொடுத்தாக வேண்டும். ஒரே குரல் என்றால் ஐந்தாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்தது. முற்றிலும் வேறு குரல் என்றால் முடிவில் கேட்பவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். தேர்ந்த வாசிப்பாளர்கள் பெரும்பாலும் மிரட்டும் குரலைத் தாழ்த்திக் கிசுகிசுப்பாக, வயதும் ஊரும் தெரியாதபடி தட்டையாக வாசித்துவிடுகிறார்கள். கிசுகிசுப்பில் தொண்டையின் நாண்கள் அதிராததால், ஒருவரின் குரலை அடையாளம் காட்டும் சுருதியே அதில் இருப்பதில்லை. கொலைகாரர்கள் எல்லாரும் ஏன் கிசுகிசுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே பதில். அது எப்போதும் மிகை நடிப்பன்று.

தமிழில் வாசிப்பாளருக்கு ஓர் உதவியும் ஒரு தொல்லையும் உண்டு. காதுக்கு மேற்கோள் குறி கேட்பதில்லை. எது கதைசொல்லியின் கூற்று, எது பாத்திரத்தின் பேச்சு என்பதை வேறு எதனாலோ உணர்த்தியாக வேண்டும். தமிழ் நாவல்களில் கூற்று எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பது வழக்கம் என்பதால் அந்த மாற்றமே மேற்கோள் குறியாகிவிடுகிறது. “கதவு மெல்லத் திறந்தது. யாருங்க அது? பதில் வரவில்லை.” இதை எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல் வாசித்தாலும் நடுவில் உள்ளது பேச்சு என்று எவருக்கும் புரியும். உரையாடலையும் எழுத்துத் தமிழிலேயே எழுதிய பழைய துப்பறியும் நாவல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் இந்த உதவி இல்லை. அங்கே இரண்டு பாத்திரங்கள் வேகமாகப் பேசிக்கொள்ளும்போது யார் பேசுவது என்பதே தெரியாமல் போகும், பதற்றம் குழப்பமாகிவிடும். அத்தகைய நூல்களுக்குத்தான் குரல் மாற்றும் திறன் உண்மையில் தேவை.

பின்னணி இசையைப் பற்றி என் கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கூற்றின் அடியில் தொடர்ந்து இசை ஓடும் ஒலிப்பதிவுகள் சஸ்பென்ஸைக் குறைக்கின்றன. ஆபத்து வரப்போகிறது என்று இசை அறிவித்துவிடுகிறது, ஆபத்து எழுத்தில் வருவதற்கு முன்பே. அதைவிட மோசமானது, இசை ஓடும் இடத்தில் மௌனத்துக்கு இடமில்லாமல் போவது. மௌனம் ஏன் முக்கியம் என்பதை அடுத்த பகுதி சொல்லும்.

## வேகப் பொத்தான் என்ன செய்கிறது

ஆங்கில ஒலிப்புத்தகங்களில் வாசிப்பு நிமிடத்துக்கு 150 முதல் 160 சொற்கள் வரை ஓடும். தொண்ணூறாயிரம் சொல் கொண்ட த்ரில்லர் ஒன்று பத்து மணி நேரத்துக்கு அருகில் வரும். மௌன வாசிப்பின் வேகம் இதைவிடக் கூடுதல் என்பதால், பலரும் வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கிறார்கள். பாடநூலுக்கும் கட்டுரைக்கும் அது பொருந்தலாம். சஸ்பென்ஸ் நாவலில் என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அந்தப் பொத்தானின் பின்னால் நடப்பதைச் சற்றே அறிய வேண்டும்.

பழைய ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று மாறும். இன்றைய செயலிகளில் அப்படி ஆவதில்லை. ஒலியைச் சில பத்து மில்லிவிநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கி ஒட்டுகிறார்கள். குரலின் சுருதி அப்படியே இருக்கும். நீளம் மட்டும் குறையும். இதற்குக் கால நெருக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கால நெருக்கத்தில் சொல்லும் குறைகிறது, சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் குறைகிறது. சொல் குறைந்தாலும் அது சொல்லாகவே இருக்கும், பொருள் புரியும். இடைவெளியின் வேலையோ அதன் நீளம்தான். “கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்” என்பதற்குப் பிறகு வாசிப்பாளர் விட்ட ஒன்றரை விநாடி ஒரு விநாடியாகிவிட்டால், அது அச்சமூட்டும் மௌனமாக இல்லாமல் சாதாரண முற்றுப்புள்ளி ஆகிவிடுகிறது. சில செயலிகளில் மௌனத்தை மட்டும் தேடி வெட்டும் வசதியும் உண்டு. செய்திக்கும் நேர்காணலுக்கும் அது நல்ல வசதி. த்ரில்லரில் அதை இயக்குவது, காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

ஒலிநாடாக் காலத்தில் வழக்கிலிருந்த சுருக்கப் பதிப்புகளுக்கும் இதே குறை இருந்தது. பத்து மணி நேர நாவலை மூன்று மணி நேரமாக்க வேண்டுமானால் முதலில் வெட்டுப்படுவது ‘ஒன்றும் நடக்காத’ பக்கங்கள். மேசையடியில் குண்டு இருக்கும்போது அந்த இருவரும் பேசிய அசட்டுப் பேச்சும் ‘ஒன்றும் நடக்காத’ பக்கந்தான்.

பார்வையற்றவர்கள் பலர், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளை நாம் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் கேட்டுப் பழகியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழக்கம் காதின் எல்லையை விரிக்கிறது. மேலே சொன்னது புதிதாகத் தொடங்குபவருக்கு உரியது.

## உடல் என்ன சொல்கிறது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், ஒரே கதைகளின் காட்சிகளைத் திரைவடிவிலும் ஒலிப்புத்தக வடிவிலும் அளித்து, இதயத் துடிப்பையும் தோலின் மின்கடத்தலையும் உடல் வெப்பத்தையும் அளந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வியர்வை சற்றே ஊறும்போது தோலில் மின்சாரம் கடக்கும் அளவு கூடும். உணர்ச்சி எழுச்சிக்கு அது ஒரு குறியீடு. எது அதிகம் ஈர்த்தது என்று கேட்டபோது பங்கேற்றவர்கள் திரைவடிவத்தையே சொன்னார்கள். அளவீடுகளோ ஒலிவடிவத்தின்போதுதான் கூடியிருந்தன. கேட்பவர் இருட்டையும் படிக்கட்டையும் முகத்தையும் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால் மனம் கூடுதலாக உழைக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆடிபிள் என்னும் ஒலிப்புத்தக நிறுவனத்தோடு இணைந்து இந்த ஆய்வு நடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பது நல்லது. மேலும் இது திரையோடு செய்த ஒப்பீடு, அச்சோடு செய்ததன்று. கேட்டால் படிப்பதைவிட அதிகம் பயம் வரும் என்று இதைக் காட்டி வாதிடுவோர் ஆய்வு சொல்லாததைச் சொல்கிறார்கள்.

## எந்த நாவலில் தொடங்குவது

முதல் நாவலாகப் பாத்திரங்கள் குறைவாக உள்ள த்ரில்லரை எடுத்துக்கொள்வது நல்லது. முதல் அரை மணி நேரத்தில் எட்டுப் பெயர்கள் வந்தால், திருப்பிப் பார்க்கப் பக்கமில்லாத காது தவித்துப்போகும். அந்த அரை மணி நேரத்தை மட்டும் வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெயர்களும் குரல்களும் பதிந்த பிறகு பாத்திரம் கழுவலாம், நடக்கலாம். செயலியின் அத்தியாயப் பட்டியலைத் திறக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் சில நூல்களில் அத்தியாயத் தலைப்பே நடக்கப்போவதைச் சொல்லிவிடும். திரையின் அடியில் எஞ்சிய நிமிடங்களைக் காட்டும் எண்ணும் அப்படித்தான். இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்தால், இப்போது கைதானவர் கொலையாளி அல்லர் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும்.

இன்னொரு வழி, முன்பே படித்த நாவலையே முதலில் கேட்பது. முடிவு தெரிந்த கதையில் என்ன பதற்றம் இருக்கும் என்று தோன்றலாம். கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்துகொண்டு மர்மச் சிறுகதைகளைப் படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். முடிவு தெரிந்த பிறகும் பதற்றம் எழுவதை உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989லேயே ஆராய்ந்திருக்கிறார். நமது விளக்கத்திலிருந்து பார்த்தால் இதில் பெரிய வியப்பில்லை. மேசையடியில் குண்டு இருப்பதை அறிந்தவரின் நிலைதான், முடிவை அறிந்து கேட்பவரின் நிலையும். தகவல் முன்பே கையில் இருக்கிறது. நேரம் மட்டும் இன்னும் வாசிப்பாளரின் கையில் இருக்கிறது. படித்த நாவலைக் கேட்கும்போது பெயர்களைப் பிடித்து வைக்கும் சுமையும் இல்லாததால், வாசிப்பாளர் எங்கே நிறுத்துகிறார், எந்த வரியில் மூச்சை அடக்குகிறார், கொலையாளியின் முதல் வசனத்தை எந்தக் குரலில் கொடுக்கிறார் என்பதையெல்லாம் கவனிக்க முடியும். அடுத்த முறை படிக்காத நாவலுக்கு எந்த வாசிப்பாளரைத் தேட வேண்டும் என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.